குழந்தை பதில் சொல்ல இடம் விடுங்கள்

டயப்பர் மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். முதல் சில மாதங்களில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை இது நடக்கும். தடவைக்கு மூன்று நிமிடம் என்றாலும் கூட்டினால் அரை மணி நேரம். அந்த நேரம் முழுக்கக் குழந்தை மல்லாந்து படுத்திருக்கிறது, உங்கள் முகம் அதற்கு நேர் மேலே இருக்கிறது, இடையில் வேறு எதுவும் இல்லை. மூளை வளர்ச்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் இந்த அரை மணியைக் கணக்கில் சேர்க்கலாம். பல வீடுகளில் இது வீணாகப் போவதற்குக் காரணம் சாதாரணமானது. ஒரு கை காலைப் பிடித்திருக்கும், ஒரு கை துடைக்கும், கண் டயப்பரில் இருக்கும், வாய் மூடியிருக்கும்.

துணி, பஞ்சு, புது டயப்பர் எல்லாவற்றையும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வையுங்கள். பாதியில் தேடப் போனால் பேச்சு அறுந்துவிடும். அதைவிட முக்கியம், உயரத்தில் படுத்திருக்கும் குழந்தையின் மேல் ஒரு கை எப்போதும் இருந்தாக வேண்டும். படுக்க வைத்ததும் வேலையில் இறங்காமல், குனிந்து முகத்தை ஏறத்தாழ 25 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. வரை உள்ளதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்த நிழலாகத்தான் தெரியும், அதனால் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். கண்ணும் கண்ணும் சந்தித்த பிறகு, “டயப்பர் மாத்தலாமா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் கடினமாக இருப்பது இந்தச் சும்மா இருப்பதுதான். பெரியவர்கள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கக் கால் நொடிகூட ஆவதில்லை. அந்தப் பழக்கத்தில், குழந்தை பதில் தரவில்லை என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். குழந்தையின் நரம்பிழைகளில் பலவற்றுக்கு இன்னும் மயலின் என்னும் கொழுப்புறை முழுதாக ஏறியிருக்காது, செய்தி மெதுவாகத்தான் ஓடும். ஐந்து நொடி பொறுத்தால் ஏதாவது வரும், சில சமயம் பத்து நொடி ஆகும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே முகத்தைப் பாருங்கள். முதலில் கண் விரியும், பிறகு கால் உதைக்கும், வாய் குவியும், நாக்கு நுனி வெளியே வரும், கடைசியில் ‘ங்’ என்றோ ‘ஆ’ என்றோ ஒரு சத்தம். அதுதான் பதில். அதே சத்தத்தை நீங்களும் திருப்பிச் சொல்லி, கூடவே ஒரு சொல் சேருங்கள்: “ங்கா! ஆமா, ஈரமா இருக்கு.” மறுபடி நிறுத்துங்கள். ஒரு டயப்பருக்கு இப்படி நான்கைந்து சுற்று ஓடினால் தாராளம்.

பால் குடிக்கும்போது இதே ஆட்டம் இன்னும் முன்னதாகவே, பிறந்த சில நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பச்சிளங்குழந்தை தொடர்ந்து உறிஞ்சாது. சில தடவை உறிஞ்சும், நிறுத்தும், மறுபடி உறிஞ்சும். நிறுத்தும்போது தாய் தன்னையறியாமல் குழந்தையை மெல்லக் குலுக்குவார். குலுக்கலால்தான் குழந்தை மறுபடி குடிக்கிறது என்றே எல்லோரும் நினைப்பார்கள். கவனித்துப் பதிவு செய்தவர்கள் கண்டது வேறு: குலுக்கலை நிறுத்தியதும்தான் குழந்தை அடுத்த சுற்றைத் தொடங்குகிறது. ஆக, குடிக்காமல் நிற்கிற குழந்தையை விடாமல் தட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. லேசாக ஒரு குலுக்கல், பிறகு அசையாமல் இருங்கள்.

இதற்கெல்லாம் மூளையோடு என்ன சம்பந்தம் என்றால், முதல் சில ஆண்டுகளில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் நரம்பிணைப்புகள் புதிதாக உருவாகின்றன. முதல் ஆண்டிலேயே மூளையின் அளவு ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஆனால் உருவாகிற இணைப்புகள் எல்லாம் தங்குவதில்லை. திரும்பத் திரும்பப் பயன்படுபவை உறுதிப்படும், பயன்படாதவை கழிக்கப்படும். எது பயன்படும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு, “நான் ஒன்று செய்தேன், அதற்கு ஒன்று நடந்தது” என்ற அனுபவத்துக்கு உண்டு. உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர் தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையைக் குழந்தையின் கணுக்காலோடு ஒரு ரிப்பனால் கட்டினார். உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடத்துக்குள் குழந்தை அதைக் கண்டுபிடித்து வேகமாக உதைக்கத் தொடங்கியது. மூன்று மாதக் குழந்தைகள் அதை ஏறத்தாழ ஒரு வாரம் வரை நினைவில் வைத்திருந்தன. தானே ஆடி, தானே பாடும் பேட்டரி பொம்மையில் இந்தக் கண்டுபிடிப்புக்கு இடமில்லை. குழந்தை உதைத்தாலும் உதைக்காவிட்டாலும் அது பாட்டுக்கு ஆடும்.

(ரிப்பன் கட்டுவதை வீட்டில் செய்ய வேண்டாம். கயிறும் நாடாவும் தொட்டிலுக்குள் கழுத்தில் சுற்றும் ஆபத்து. அதற்கு ஈடாக உங்கள் முகம் போதும்.)

பதில் திடீரென்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் காட்டினார். தாய் வழக்கம்போலக் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருப்பார்; பிறகு சில நிமிடம் அதே இடத்தில், அதே பார்வையோடு, முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். சில மாதமே ஆன குழந்தைக்கு இவ்வளவு எதிர்பார்ப்பு இருக்கிறது. பால் கொடுத்தபடி போனைப் பார்க்கும் முகம் கிட்டத்தட்ட இந்த அசையாத முகம்தான். ஒரு மெசேஜ் பார்ப்பதால் எதுவும் கெட்டுவிடாது, ஆனால் ஒவ்வொரு பாலுக்கும் அது வழக்கமாகிவிட்டால் ஒரு நாளின் மிக நல்ல வாய்ப்பு கைநழுவுகிறது.

இதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் விழுகிற தாய்மார்களுக்காக ஒன்று. ட்ரோனிக்கின் ஆய்வுகளிலேயே, நன்றாகப் பழகும் தாயும் குழந்தையும்கூட மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் சரியாக ஒத்துப்போனார்கள். மீதி நேரத்தில் ஒருவர் சிரிக்க மற்றவர் கொட்டாவி விடுவதும், ஒருவர் கூப்பிட மற்றவர் வேறெங்கோ பார்ப்பதுமாகத்தான் இருந்தது. தவறிப்போய்த் திரும்பச் சேர்வதிலும் குழந்தை கற்கிறது. நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க யாரும் உங்களைக் கேட்கவில்லை.

பதில் தராமல் விடுவது ஒரு தவறு என்றால், விடாமல் தூண்டிக்கொண்டே இருப்பது அதற்கு நேர் எதிரான தவறு. ஆர்வமுள்ள வீடுகளில் இரண்டாவதுதான் அதிகம். ஒரு பக்கம் ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்ட, மறுபக்கம் ஒருவர் கன்னத்தைத் தட்ட, நடுவில் குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்க்கும். “என்னைப் பாரு, என்னைப் பாரு” என்று அந்தப் பக்கமும் போய் நிற்பார்கள். தலையைத் திருப்புவது ‘போதும்’ என்பதற்குக் குழந்தையிடம் இருக்கும் முதல் சொல். அதோடு கொட்டாவி, விக்கல், விரல்களை விசிறிபோல விரிப்பது, முதுகை வில்லாக வளைப்பது, கையால் முகத்தை மறைப்பது ஆகியவையும் சேரலாம். பசியோ தூக்கமோ இல்லாத நேரத்தில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நிறுத்துங்கள். அருகிலேயே இருந்து, தொடாமல், பேசாமல் காத்திருங்கள். அரை நிமிடத்தில் திரும்பிப் பார்த்தால் ஆட்டம் தொடரும், பார்க்காவிட்டால் இன்றைக்கு அவ்வளவுதான். குழந்தை ‘போதும்’ என்றதை மதித்தாலே அதன் சைகைக்கு வீட்டில் மதிப்பு இருக்கிறது என்று அதற்குப் புரியும்.

என்ன பேசுவது என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள் காட்ட நினைப்பதைப் பற்றி அல்ல. குழந்தை சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் முகத்துக்கு முன் ஒரு யானைப் படத்தை நீட்டி “யானை, யானை” என்றால், காதில் விழும் சொல் ஒன்றாகவும் கண்ணில் படும் பொருள் வேறாகவும் இருக்கும். “ஃபேன் சுத்துது. வேகமா சுத்துது. இப்போ நிறுத்தலாமா? நின்னுடுச்சு!” என்றால் சொல்லும் பொருளும் ஒரே நேரத்தில் மூளைக்குப் போகின்றன. ஒன்பது, பத்து மாதத்தில் குழந்தை உங்கள் பார்வை போகும் பக்கம் தானும் பார்க்கத் தொடங்கும், பிறகு விரல் நீட்டிக் காட்டும். அப்போது யானைப் படத்துக்கும் காலம் வரும்.

குரலைச் சற்று உயர்த்தி, இழுத்து, மெதுவாகப் பேசுவது எல்லோருக்கும் இயல்பாக வரும். சிலர் அதைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள், சிலர் குழந்தையிடம் ‘ஒழுங்காக’ப் பேச வேண்டும் என்கிறார்கள். இழுத்துப் பேசுவதில் உயிரெழுத்துகள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன. குழந்தைகள் அந்தப் பேச்சைத்தான் விரும்பிக் கேட்கின்றன. வாக்கியம் மட்டும் சரியாக இருக்கட்டும். இழுத்த குரலில் “வாழைப்பழம்” என்பது நல்லது. அதையே “வாயப்பயம்” என்று நீங்களே மழலையாக்கிச் சொன்னால் குழந்தைக்குக் கேட்கக் கிடைப்பது அதுதான். குழந்தை அப்படிச் சொல்லும்போது திருத்த வேண்டாம். “ஆமா, வாழைப்பழம்” என்று சரியான ஒலியைத் திருப்பித் தந்தால் போதும்.

ஒலிகளுக்கு ஒரு காலக்கெடு இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியில் பல்லில் நாக்குப் படும் ‘த’வுக்கும் நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட’வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொண்டன. அவர்களுடைய பெற்றோர் வயதினரில் பலருக்கு அது கேட்கவே இல்லை. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் குழந்தைகளுக்கும் அந்தத் திறன் பெருமளவு மங்கியது. ல, ள, ழ என்றும் ன, ண என்றும் நுணுக்கமாகப் பிரிக்கும் மொழியைப் பேசுகிற நமக்கு இதன் பொருள் சொல்லாமலே புரியும். குழந்தையோடு பேசும்போது ழகரத்தை விழுங்காதீர்கள். வீட்டில் இரண்டு மொழி என்றால் இரண்டையும் பேசுங்கள், குழந்தை குழம்பிப் போகாது. ஆனால் உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் வலிந்து பேசினால் பேச்சின் நீளமும் வளமும் குறைந்துவிடும்.

அந்த ஒலிகளை டிவியிலிருந்து கற்காதா? பாட்ரிசியா கூலும் அவரது குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 25 நிமிடம் வீதம் 12 அமர்வுகளில் சீன மாண்டரின் பேசிக் காட்டினார்கள். எதிரே ஆள் உட்கார்ந்து பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றன. அதே ஆள், அதே பேச்சு, வீடியோவிலோ வெறும் ஒலிப்பதிவிலோ வந்தபோது ஒன்றும் பதியவில்லை. திரையில் உள்ளவர் குழந்தை எங்கே பார்க்கிறது என்று அறியமாட்டார், அது சத்தம் கொடுத்தால் நிறுத்தமாட்டார். வீடியோ அழைப்பில் மறுமுனையில் இருப்பவர் பார்த்துப் பதில் சொல்வதால் அதன் கதை வேறு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியும் சேதம்தான்: அது ஓடும்போது வீட்டில் பெரியவர்களே குறைவாகப் பேசுகிறார்கள். ‘மொசார்ட் கேட்டால் குழந்தைக்கு அறிவு கூடும்’ என்று விற்கப்படும் சிடிகளுக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் 1993ஆம் ஆண்டு ஆய்வு, கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டது. பலன் தெரிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான். இசை கேட்கட்டும், சந்தோஷம். உங்கள் குரலில் பாடினால் இன்னும் சந்தோஷம்.

மூளை என்றதும் எல்லோரும் பேச்சை மட்டும் நினைக்கிறார்கள். உடம்பு அசையாமல் மூளைக்கு வேலை இல்லை. தூங்கும்போது குழந்தை எப்போதும் மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஆனால் விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கையில், குப்புறப் படுக்க வைக்க வேண்டும். தவழத் தொடங்காத குழந்தைக்கு நாள் முழுதும் சேர்த்துக் குறைந்தது 30 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தொடக்கத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது, மூக்கைத் தரையில் தேய்த்து அழும். அழுதால் பலர் ‘இதுக்குப் பிடிக்கல’ என்று ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக நீங்கள் சாய்ந்து படுத்து, உங்கள் மார்பின் மேல் குப்புறப் போடுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். பிறகு தரையில், அக்குளுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து, நீங்களும் எதிரே தரையில் கன்னம் பட விழுந்து கிடங்கள். பால் குடித்த உடனே வேண்டாம், கக்கிவிடும். டயப்பர் மாற்றி முடித்ததும் நல்ல நேரம். இருக்கையிலோ வண்டியிலோ வார் போட்டுக் கட்டி ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு கைக்கு எட்டுவதெல்லாம் வாய்க்குப் போகும். வாய்தான் அப்போது அதன் சிறந்த அளவுகோல். பிடுங்குவதைவிடக் கொடுப்பதைத் தேர்ந்தெடுங்கள். மரக்கரண்டி, மூடியில்லாத டப்பா, முடிச்சிட்ட துணி, பெரிய வளையம் போதும். 4 செ.மீ. அகலத்துக்குக் குறைந்த எதுவும், கழன்று வரக்கூடிய பாகமுள்ள எதுவும், பட்டன் பேட்டரி இருக்கும் எதுவும் தரையில் இருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் இரண்டு பொருள் போதும், பத்தைக் கொட்டினால் எதையும் ஆராயாது.

எட்டு மாதம் அளவில் கரண்டியைக் கீழே போட்டு எட்டிப் பார்க்கும். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடும். இருபது தடவை. குறும்பு என்று கையில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணில் படாமல் போன பொருள் இன்னும் இருக்கிறதா, அது எங்கே போகிறது, போட்டால் ஒவ்வொரு முறையும் அதே சத்தம் வருமா, அப்பா ஒவ்வொரு முறையும் எடுத்துத் தருவாரா என்று நான்கு கேள்விகளை ஒரே சோதனையில் நடத்துகிறது. சலித்துப்போனால் கரண்டிக்குப் பதில் துணியைக் கொடுங்கள். சத்தம் வராததைக் கண்டு முகம் மாறுவதைப் பார்க்கலாம். முகத்தைத் துணியால் மறைத்து “காணோமே… இதோ!” என்று விளையாடுவதும் இதே பாடம்தான். அதில் பலர் செய்யும் பிழை அவசரம். மறைந்ததும் இரண்டு மூன்று நொடி பொறுத்து, குரலை மட்டும் கொடுத்து, குழந்தை துணியைப் பிடித்து இழுக்கும் வரை விடுங்கள். இழுத்தால் உடனே முகம் தெரிய வேண்டும்.

இதே வயதில் வேற்றுமுகம் பார்க்கும். நேற்றுவரை யாரிடமும் போன குழந்தை இன்று அலறும். தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிரிக்கும் அளவுக்கு மூளை வளர்ந்திருக்கிறது, அவ்வளவே. வந்தவர் கையில் திணிக்காமல் உங்கள் மடியில் வைத்தே பழக்குங்கள்.

அழுகையும் பேச்சுதான். உடனே தூக்கினால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவோம் என்ற பயம் முதல் ஆண்டில் தேவையில்லை. ஆனால் எதைச் செய்தும் நிற்காத அழுகை உண்டு, ஒன்றரை இரண்டு மாத அளவில் அது உச்சத்தில் இருக்கும். உங்களுக்குக் கோபம் தலைக்கேறினால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாத்திப் படுக்க வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே ஐந்து நிமிடம் நில்லுங்கள். அழுதுகொண்டிருந்தாலும் பரவாயில்லை. குழந்தையை ஒருபோதும் உலுக்கக் கூடாது. கழுத்து தாங்காது, மூளைக்குள் இரத்தம் கசியும், உயிரே போகலாம். பிள்ளை பெற்ற தாய் வாரக்கணக்கில் சிரிக்க மறந்து, குழந்தையைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், அது சோம்பலோ பாசக்குறைவோ அல்ல. உலகளவில் பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. மருத்துவரிடம் அழைத்துப் போவது தாய்க்கும் மருந்து, குழந்தையின் மூளைக்கும் மருந்து. அதுவரை டயப்பர் நேரப் பேச்சை அப்பாவோ பாட்டியோ எடுத்துக்கொள்ளலாம். குழந்தைக்குப் பதில் வேண்டும், அது ஒரே ஆளிடமிருந்துதான் வர வேண்டும் என்றில்லை.

எவ்வளவு பேசினாலும் காது கேட்காத குழந்தைக்கு ஒலி போய்ச் சேராது. செவித்திறன் சோதனையைப் பிறந்து ஒரு மாதத்துக்குள் செய்து, குறை இருந்தால் மூன்று மாத வயதுக்குள் உறுதிப்படுத்தி, ஆறு மாத வயதுக்குள் உதவி தொடங்கிவிட வேண்டும். மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆறு மாதத்திலும் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை, ஒரு வயதிலும் பெயர் சொன்னால் பார்க்கவில்லை, ‘பபப’, ‘மமம’ என்று அடுக்கவில்லை, விரல் நீட்டவோ கையாட்டவோ இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டால் எந்த வயதானாலும் தள்ளிப்போடாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துக்கொண்டு கணக்கிடுங்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால் ஐந்து மாதக் குழந்தையிடம் மூன்று மாதத்துக்கு உரியதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழித்தல் உண்டு.

நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்களா என்று பார்க்க, ஒரு டயப்பர் மாற்றத்தைப் போனில் வீடியோ எடுங்கள். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அதை மறந்துவிட வேண்டும். பிறகு போட்டுப் பார்க்கும்போது, நீங்கள் பேசியதை விட்டுவிட்டு, நிறுத்திய இடங்களை மட்டும் நொடிக் கணக்கில் குறியுங்கள். முதல் தடவை பெரும்பாலும் ஒரு நொடி, இரண்டு நொடி என்றுதான் வரும். நீங்கள் அடுத்த கேள்விக்குப் போன அதே கணத்தில் குழந்தையின் வாய் திறக்கத் தொடங்கியிருப்பதும் அதில் தெரியும்.